நகோயாவில் ஒரு குடும்பத்தின் பெட்டகம்

ஜப்பானுக்குச் சுற்றுலா செல்லும் நம்மவர்கள் பெரும்பாலும் தோக்கியோ, கியோத்தோ, ஓசாக்கா என்னும் மூன்று நகரங்களோடு திரும்பிவிடுகின்றனர். வழியில் நகோயா நகரில் விரைவு ரயில் நிற்கிறது. நம்மவர் எவரும் இறங்குவதில்லை. 2024ஆம் ஆண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில், ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையின் கடைசி வாரத்தில், நான் அங்கு இறங்கினேன். அந்நகரிலுள்ள தொக்குகாவா கலை அருங்காட்சியகத்தைக் காண வேண்டும் என்பது என் பல்லாண்டு விருப்பம். ஜொகூரில் தமிழ்ப்பள்ளி ஆசிரியராக இருப்பவருக்கு அங்கே என்ன வேலை என்று உடன் பணியாற்றும் ஆசிரியர்கள் வியப்புடன் வினவினர். வேலை இருக்கிறது. அதனைப் பின்னர்க் கூறுகிறேன். முதலில் அருங்காட்சியகத்தைச் சுற்றி வருவோம்.

தொக்குகாவா என்பது ஒரு குடும்பத்தின் பெயர். அக்குடும்பத்தைச் சேர்ந்த இயெயாசு, 1600ஆம் ஆண்டு செக்கிகஹாரா போரில் வென்று, 1603இல் 'ஷோகுன்' என்னும் படைத்தலைமைப் பதவியை ஏற்றார். பேரரசர் கியோத்தோவில் பெயரளவில் வீற்றிருக்க, நாட்டின் உண்மையான ஆட்சி ஈதோ நகரிலிருந்து, அதாவது இன்றைய தோக்கியோவிலிருந்து, 1867 வரை இக்குடும்பத்தின் கையில் இருந்தது. ஷோகுனுக்குக் கீழே 'டைம்யோ' எனப்பட்ட குறுநில மன்னர்கள் இருந்தனர். அவர்களுள் உயர்ந்த மதிப்புப் பெற்றவை இயெயாசுவின் இளைய புதல்வர் மூவர் தொடங்கிய மூன்று கிளைக் குடும்பங்கள். நகோயாவிலிருந்து ஓவாரி நாட்டை ஆண்ட கிளை, அம்மூன்றிலும் முதன்மையானது. ஷோகுனுக்கு வாரிசு இல்லாவிட்டால் கிளைக் குடும்பங்களிலிருந்து ஒருவரை அழைத்துக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. எனினும், ஓவாரிக் கிளையிலிருந்து ஒருவர்கூட ஷோகுன் ஆனதில்லை. இரண்டாம் கிளையான கீ குடும்பத்திற்கே 1716இல் அவ்வாய்ப்புக் கிட்டியது. மூத்தவன் கைக்கு எட்டாதது இளையவனுக்கு வாய்ப்பது எல்லாக் குடும்பங்களிலும் உண்டு போலும்!

இயெயாசு 1616இல் சுன்பு என்னும் ஊரில், இன்றைய ஷிசுவோக்காவில், காலமானார். அவர் விட்டுச்சென்ற பொருள்கள் புதல்வர்களுக்குப் பங்கிடப்பட்டன. வாள், கவசம், தேநீர்க் கலங்கள், நூல்கள், வாசனைக் கட்டைகள், அவர் உடுத்திய ஆடைகள் என அனைத்தும் பட்டியலிடப்பட்டு, யாருக்கு எது சென்றது என்பது ஏட்டில் எழுதப்பட்டது. ஒன்பதாம் புதல்வரான யொஷிநாவோவுக்குக் கிடைத்த பங்கே இன்றைய அருங்காட்சியகத்தின் அடித்தளம். அந்தப் பங்கீட்டு ஏடும் அழியாமல் இருக்கிறது. கண்ணாடிப் பேழைக்குள் இருக்கும் ஒரு பொருளைச் சுட்டி, 'இது இயெயாசுவின் கையில் இருந்தது' என்று அருங்காட்சியகத்தார் சொல்வதற்குக் குடும்பக் கதை மட்டும் ஆதாரமன்று. நானூறு ஆண்டுக்கு முந்திய கணக்குப்பிள்ளை ஒருவரின் கையெழுத்தும் ஆதாரம். வாள்களைவிட அந்தக் கணக்குப்பிள்ளையே என் மனத்தில் நிலைத்தார்.

காட்சிக்கூடங்கள் நகோயாக் கோட்டையின் இரண்டாம் வளாக அரண்மனையில் மன்னர் வாழ்ந்த முறையை ஒட்டி அமைக்கப்பட்டுள்ளன. முதலில் போர்க்கருவிகள், அடுத்துத் தேநீர் அறை, பின்னர் விருந்தினரை வரவேற்கும் கூடம், நோ நாடக மேடை, இறுதியில் அந்தப்புரப் பொருள்கள். பொருள்களை வரிசையாக அடுக்கிக் காட்டாமல், அவை எந்த அறையில் எவ்வாறு இருந்தனவோ அவ்வாறே வைத்திருப்பது பாராட்டத்தக்கது. மாணவர்களை அழைத்துச் செல்பவர்கள் இதன் அருமையை உணர்வர். கோட்டையின் தலைமைக் கோபுரமும் முதன்மை வளாக அரண்மனையும் 1945 மே 14ஆம் நாள் வான்வழிக் குண்டுவீச்சில் எரிந்துபோயின. 1959இல் கட்டிய கற்காரைக் கோபுரமும் 2018 முதல் பார்வையாளருக்கு மூடப்பட்டுள்ளது. ஆகவே, அந்த வாழ்க்கையின் உட்புறத்தைக் காண விரும்புவோர் இங்கும் வரவேண்டும்.

வாள்களைப் பற்றி நான் மிகுதியாக எழுதப்போவதில்லை. அவற்றுக்கு முன்னால் இளைஞர் கூட்டம் நின்றுகொண்டே இருந்தது, நகரவில்லை. நான் நெடுநேரம் நின்றது ஒரு சாடிக்கு முன்னால். பழுப்பு நிறம், தோளில் கயிறு கட்ட நான்கு காதுகள், மொத்தத்தில் நம் பாட்டிமார் ஊறுகாய் போட்டுவைத்த சாடியைப் போன்ற தோற்றம். இவை தென் சீனத்தில் செய்யப்பட்டுப் பிலிப்பைன்ஸின் லூசோன் வழியாக ஜப்பானை அடைந்த சரக்குச் சாடிகள். தேயிலை வைக்க ஏற்றவை என்று கண்டறிந்த ஜப்பானியத் தேநீர் ஆசான்கள் அவற்றுக்குப் பெயர் சூட்டி, அரும்பொருளாகப் போற்றினர். ஓவாரிக் குடும்பத்தின் புகழ்பெற்ற சாடிக்குப் பெயர் 'ஷோக்கா'. பைன் மரப்பூ என்பது பொருள். நோபுநாகா, ஹிதெயோஷி, இயெயாசு என ஜப்பானை ஒன்றிணைத்த மூவர் கைக்கும் மாறி மாறி வந்தது அச்சாடி. ஒரு கோட்டையைப் பரிசளிப்பதற்குச் சமமாக ஒரு சாடியைப் பரிசளித்த காலம் அது.

வாசனைக் கட்டைகளும் அவ்வாறே தெற்கிலிருந்து சென்றவை. அகில் கட்டையின் மீது இயெயாசுவுக்கு அளவற்ற மோகம். 'கியாரா' என்னும் முதல்தர அகிலை வேண்டி, இன்றைய வியட்நாமின் பகுதியான சம்பா நாட்டு மன்னருக்கே கடிதம் எழுதியிருக்கிறார். ஜப்பானிய நறும்புகைக் கலையில் கட்டைகளை ஆறு 'நாடு'களாக வகைப்படுத்துவர். அவற்றுள் 'மனாகா' என்பது மலாக்கா என்றும், 'மனாபான்' என்பது மலபார் என்றும், 'சுமோத்தாரா' என்பது சுமத்திரா என்றும் விளக்குவர். நான்காம் ஆண்டில் மலாக்கா அரசைப் பற்றிப் பாடம் நடத்தும் நம் வரலாற்று ஆசிரியர்கள் இதனை மாணவர்க்குக் கூறலாம். மலாக்காவின் பெயர் ஏதோ ஒரு வடிவில் ஜப்பானிய மன்னரின் புகைக் கிண்ணத்தில் இருந்திருக்கிறது.

இனி, நான் காண விரும்பிய முதன்மையான பொருள். மூன்றாம் ஷோகுன் இயெமிட்சுவுக்கு 1637இல் பிறந்த மூத்த மகள் சியோ. அக்குழந்தைக்கு 1639இல் திருமணம். இரண்டு வயது நிறைந்து சில மாதங்களே ஆகியிருந்தன! மணமகன் ஓவாரிக் குடும்பத்தின் வாரிசான மிட்சுதோமோ. அவருக்கும் பதினான்கு வயதுதான். மன்னர் குடும்பங்களின் அரசியல் கணக்கு அது. இக்குழந்தைக்குச் சீர்வரிசை செய்யும் பொறுப்பு, ஷோகுன் அவையின் அரக்குக் கலைஞரான கோவாமி நாகாஷிகேயிடம் ஒப்படைக்கப்பட்டது. அலமாரி, கண்ணாடித் தாங்கி, சீப்புப் பெட்டி, எழுதுபெட்டி, பற்களுக்குக் கருமை பூசும் கலம், நறும்புகைக் கருவிகள் என ஒரு பெண் வாழ்நாள் முழுவதும் பயன்படுத்தும் பொருள்கள் அனைத்தும் கருநிற அரக்கின்மேல் பொன்தூள் தூவிச் செய்யப்பட்டன. பவளமும் வெள்ளியும் இடையிடையே பதிக்கப்பட்டன. எழுபது பொருள்கள் இன்று தேசியச் செல்வமாக அறிவிக்கப்பட்டுள்ளன. நாள் முழுதும் பார்த்தாலும் சலிக்காதவை என்னும் பொருள்பட, 'பொழுது சாயும்வரை பார்க்கும் சீர்' என்று மக்கள் இவற்றுக்குப் பெயரிட்டனர். நான் சென்ற நாளில் ஓரிரு பொருள்களே காட்சியில் இருந்தன. ஆயினும், அப்பெயரில் மிகையில்லை என்பேன்.

பெற்றோர்கள் கவனிக்க வேண்டிய செய்தி அந்தப் பொன்வேலைக்குள் ஒளிந்திருக்கிறது. சீர்வரிசையின் பெரும்பகுதிக்கு 'ஹத்சுனே' என்று பெயர். குயிலின் முதல் கூவலுக்காக நாம் காத்திருப்பதுபோல, இளவேனிலில் ஊகுயிசு என்னும் சிறுபறவையின் முதல் குரலுக்காக ஜப்பானியர் காத்திருப்பர். அந்த முதல் குரலே ஹத்சுனே. பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முராசாக்கி ஷிகிபு என்னும் அரண்மனைப் பெண் எழுதிய 'கெஞ்சியின் கதை'யில் அப்பெயரில் ஓர் இயல் உண்டு. அதில் அகாஷிச் சீமாட்டி என்பவள் தன் சிறுமகளின் நல்வாழ்வுக்காக அவளை வேறொரு பெருமனைப் பெண்ணிடம் வளர்க்கக் கொடுத்துவிடுகிறாள். புத்தாண்டு நாளில் மகளுக்குப் பரிசுடன் ஒரு பாடலும் அனுப்புகிறாள். ஆண்டுக்கணக்காய்க் காத்திருக்கும் எனக்கு இன்றாவது உன் முதல் குரல் கேட்காதா என்பது அதன் கருத்து. அப்பாடலின் எழுத்துகளையே பாறையிலும் மரக்கிளையிலும் பிரித்துப் பொன்னில் பதித்து, இரண்டு வயதுக் குழந்தையின் சீர்ப்பொருள்கள்மேல் ஓவியமாக்கியிருக்கிறார் நாகாஷிகே. இலக்கியத்தில் புத்தாண்டு மங்கலம் நிறைந்த இயல் என்பதால் அதனைத் தேர்ந்தனர் என்று அறிஞர் விளக்குவர். அது சரியாகவே இருக்கலாம். ஆனால், மகளைப் பிரிந்த தாயின் பாடலைத் தாயைப் பிரியப்போகும் மகளின் கண்ணாடித் தாங்கியில் எழுதும்போது, அக்கலைஞரின் கை ஒரு கணமேனும் தயங்கியிருக்காதா என்று நான் எண்ணிக்கொண்டேன். சியோவின் தாயார் 1640இல், திருமணத்திற்கு மறு ஆண்டே, காலமானார். சியோ 1698 வரை வாழ்ந்தார்.

நான் சென்றது மார்ச் மாதம் என்பதால் ஹீனா பொம்மைகளின் சிறப்புக் காட்சியும் நடைபெற்றது. மார்ச் 3ஆம் நாள் பெண்குழந்தைகளின் திருநாள். நம் கொலுவைப் போலவே படிகள் அமைத்துப் பொம்மைகளை வைப்பர். ஓவாரி இளவரசிகளின் பொம்மைகளுக்கும் சீர்வரிசை உண்டு. விரல் நகம் அளவுள்ள சீப்புப் பெட்டியிலும் குடும்ப முத்திரை பொறித்திருந்தது. அங்கே காட்டப்பட்ட சிப்பிப் பேழைகளையும் குறிப்பிட வேண்டும். ஒரு சிப்பியின் இரு பாதிகள் ஒன்றோடொன்று மட்டுமே பொருந்தும். வேறு எதனோடும் பொருந்தா. அதனால் 360 இணைச் சிப்பிகள் நிறைந்த இரு பேழைகள் மணமகள் ஊர்வலத்தில் முதலிடம் பெற்றன. பாலர் பள்ளிப் பிள்ளைகளுக்கு இணை தேடும் விளையாட்டு அட்டைகளை வாங்கும்போது இதனை நினைத்துக்கொள்ளலாம்.

கெஞ்சியின் கதையைச் சித்திரமாக்கிய பன்னிரண்டாம் நூற்றாண்டு ஓவியச் சுருள்களே இந்த அருங்காட்சியகத்தின் தலையாய புகழ். அக்கதைக்கு எஞ்சியுள்ள ஓவியங்களில் இவையே மிகப் பழைமையானவை. மூலத்தை ஆண்டில் சில நாள்களே, அதுவும் பகுதி பகுதியாகவே காட்டுவர். நான் கண்டது படிகளை மட்டுமே. 1932இல், சுருட்டி விரித்தால் வண்ணம் உதிரும் என்று அஞ்சி, சுருள்களைப் பிரித்துத் தட்டையான பலகைகளாக்கினர். அண்மை ஆண்டுகளில், தட்டையாக வைப்பதிலும் கேடு உண்டென்று கண்டு, மீண்டும் சுருள்களாகவே மாற்றிவிட்டனர். தொண்ணூறு ஆண்டுகளில் இருமுறை கருத்து மாறியிருக்கிறது, அக்கறை மாறவில்லை.

பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் எவ்வாறு சிதறாமல் இருந்தன? 1867இல் ஷோகுன் ஆட்சி ஒழிந்தது. 1871இல் குறுநில அரசுகள் அனைத்தும் கலைக்கப்பட்டன. வருவாய் இழந்த மன்னர் குடும்பங்கள் பரம்பரைச் செல்வங்களை ஏலத்தில் விற்றன. எஞ்சியவற்றில் பல 1923ஆம் ஆண்டு நிலநடுக்கத்திலும் 1945ஆம் ஆண்டுக் குண்டுவீச்சிலும் அழிந்தன. ஓவாரிக் குடும்பத்தின் பத்தொன்பதாம் தலைவரான தொக்குகாவா யொஷிச்சிக்கா, 1931இல் ஓர் அறநிறுவனம் தொடங்கிக் குடும்பச் செல்வத்தை அதற்கு வழங்கினார். 1935இல் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. தம் பிள்ளைகளுக்குச் சேர வேண்டியதைப் பொதுச் சொத்தாக்கியதால்தான் அது நிலைத்தது.

இந்த யொஷிச்சிக்காவே ஜொகூர்க்காரனான என்னை நகோயாவில் இறங்கச் செய்தவர்.

1886இல் ஃபுகுயி மன்னர் குடும்பத்தில் பிறந்து, ஓவாரிக்குத் தத்து வந்தவர் அவர். வரலாறும் தாவரவியலும் பயின்றவர். சொந்தச் செலவில் உயிரியல் ஆய்வுக்கூடம் நடத்தியவர். உடல்நலத்துக்கு வெப்பநாடு நல்லது என்று 1921இல் மலாயாவுக்கு வந்தார். ஜொகூர் சுல்தான் இப்ராஹிமின் நட்புக் கிடைத்தது. இருவரும் ஜொகூர்க் காடுகளில் புலியும் யானையும் வேட்டையாடினர். 'புலி வேட்டைப் பிரபு' என்னும் பட்டப்பெயர் ஜப்பானில் அவருக்கு நிலைத்துவிட்டது. மலாய் மொழியைக் கற்று, 1937இல் ஜப்பானியருக்கான மலாய்ப் பாடநூல் ஒன்றையும் இன்னொருவருடன் சேர்ந்து எழுதினார். அதே மனிதர், அருங்காட்சியக நிறுவனம் தொடங்கிய அதே 1931இல், இராணுவ அதிகாரிகள் தீட்டிய ஆட்சிக்கவிழ்ப்புச் சதிக்குப் பணம் கொடுத்தவர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. இராணுவ நிருவாகத்தின் உயர் ஆலோசகராக யொஷிச்சிக்கா அங்கு வந்து சேர்ந்தார். ராபிள்ஸ் அருங்காட்சியகமும் தாவரவியல் பூங்காவும் அவருடைய தலைமையின்கீழ் வந்தன. பூங்காவின் துணை இயக்குநராயிருந்த ஆங்கிலேயர் கோர்னர், சிறைமுகாமுக்கு அனுப்பப்படாமல் அங்கேயே பணியாற்ற அனுமதிக்கப்பட்டார். பாடம் செய்த பறவைகள், உலர்தாவரத் தாள்கள், நூல்கள் ஆகியவை கொள்ளை போகாமல் காக்கப்பட்டன. கைவிடப்பட்ட வீடுகளிலிருந்த நூல்களும் திரட்டப்பட்டன. 1944இல் யொஷிச்சிக்கா தாயகம் திரும்பினார். இந்த அனுபவத்தைக் கோர்னர் 1981இல் ஒரு நூலாக எழுதி, அதற்கு அவருடைய பட்டத்தையே பெயராகச் சூட்டினார். பகைவனுக்கு நன்றி கூறும் நூல் அது. கோர்னரை அதற்காக ஏசிய ஆங்கிலேயரும் உண்டு.

இவ்விடத்தில் என்னால் கைதட்டிவிட்டு நகர முடியவில்லை. ஏனெனில், அதே ஆண்டுகளில், அதே இராணுவத்தின் ஆட்சியில், சயாம் மரண ரயில் போடப்பட்டது. 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடிந்த 415 கிலோமீட்டர் இருப்புப் பாதை. மலாயாவிலிருந்து 70,000க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் கொண்டுசெல்லப்பட்டனர்; அவர்களில் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். தோட்டத்தில் இலவசப் படம் காட்டுவதாகக் கூறி, கூடியவர்களை லாரியில் ஏற்றிய கதையை நம் முதியவர்கள் கூறக் கேட்டிருக்கிறோம். காலராவிலும் மலேரியாவிலும் பசியிலும் பல்லாயிரவர் மாண்டனர். போர்க் கைதிகளாயிருந்த வெள்ளையருக்கு அவர்களின் அதிகாரிகள் பெயர்ப்பட்டியல் வைத்திருந்தனர். அதனால் காஞ்சனாபுரியில் அவர்களின் கல்லறைகளில் பெயர் இருக்கிறது. நம்மவர்க்கு எழுதிவைப்பார் இல்லை. சிங்கப்பூரில் ஓர் இலையின் பெயர், பறித்த இடம், பறித்த நாள் ஆகியவை எழுதிய சீட்டு போர்க்காலத்திலும் பாதுகாக்கப்பட்டது. சயாமில் புதைத்த மனிதனின் மேல் ஒரு சீட்டும் இல்லை.

யொஷிச்சிக்கா நல்லவரா, தீயவரா என்று மாணவர் கேட்டால் நான் இரண்டு பக்கத்தையும் கூறி, தீர்ப்பை அவர்களிடமே விடுவேன். ஆனால், ஒன்றில் எனக்கு ஐயமில்லை. எழுதிவைக்கும் பழக்கம் அவருடைய குடும்பத்தில் நானூறு ஆண்டுகளாக ஊறியிருந்தது. பங்கீட்டு ஏடு எழுதிய அந்தக் கணக்குப்பிள்ளைக்கு, தாம் வரலாற்றைக் காக்கிறோம் என்ற எண்ணம் இருந்திருக்காது. சகோதரர்களுக்குள் பின்னாளில் சண்டை வரக்கூடாது என்பதே அவர் கவலையாய் இருந்திருக்கும்.

நம்மிடமும் ஏடு இல்லாமல் இல்லை. தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் ஒவ்வொன்றிலும் மாணவர் சேர்க்கைப் பதிவேடு இருந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டுப் பள்ளிகள் இடம்பெயர்ந்தபோதும் இணைக்கப்பட்டபோதும், பழைய நாற்காலிகளோடு அவையும் எரிக்கப்பட்டன. நான் முன்பு பணியாற்றிய ஒரு பள்ளியில், கரையான் அரித்த அலமாரியின் அடித்தட்டில் அத்தகைய ஏடு ஒன்று கிடைத்தது. அட்டை இல்லை, முதல் பக்கங்களும் இல்லை. நகோயாவிலிருந்து திரும்பிய வாரத்தில் அதனை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். 1941ஆம் ஆண்டுப் பக்கங்களில் பிள்ளையின் பெயர், பிறந்த நாள், தகப்பனார் பெயர், தொழில் எனக் கட்டங்கள் நிரம்பியிருக்கின்றன. தொழில் என்ற கட்டத்தில் பெரும்பாலும் 'பால் வெட்டு'. பின்னர்ச் சில ஆண்டுகளுக்கு எழுத்தே இல்லை. மீண்டும் 1946இல், வேறொரு ஆசிரியரின் கையெழுத்தில் தொடங்குகிறது. அப்பக்கத்தில் இருபத்து மூன்று பிள்ளைகள். அவர்களுள் ஒன்பது பேருக்குத் தகப்பனார் பெயர் எழுதும் கட்டத்தில், பெயரை எழுதி அதன் பக்கத்திலேயே 'சயாம்' என்று குறித்திருக்கிறார் அந்த ஆசிரியர்.

அந்த ஒன்பது பெயர்களையும் படி எடுத்துவிட்டேன். ஏட்டைக் கழுவிய வெள்ளைத் துணியில் சுற்றி, மூடியுள்ள பெட்டியில் வைத்து, தலைமையாசிரியரின் இரும்பு அலமாரியில் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். பெட்டியின் மேல் ஒட்டிய சீட்டில், உள்ளே இருப்பது என்ன, எந்தத் தோட்டம், எந்த ஆண்டுகள் என்பதை எழுதியிருக்கிறேன்.